பிறந்த எலிக்குட்டிகளில் கடுமையான நுரையீரல் காயம்: எந்தக் குறிப்பான்களை அளப்பது?

கேள்வி

வணக்கம். பிறந்த எலிக்குட்டிகளை 95 சதவீதத்துக்கு மேற்பட்ட ஆக்சிஜனில் வைத்து நுரையீரல் காயத்தை ஆராயவிருக்கிறோம். குறைமாதக் குழந்தைகளின் மூச்சுக்குழல் நீரில் இன்டர்லூக்கின்-8 என்ற அழற்சிப் புரதம் கூடுவதால் அதையே முதன்மைக் குறிப்பானாகக் கொள்ள எண்ணுகிறோம். அதனுடன் நுரையீரலின் ஈர, உலர் எடை விகிதத்தையும் (நீர் சேர்ந்திருப்பதைக் காட்டுவது) சேர்த்தால் போதுமா? ஒரு குட்டியிலிருந்து கிடைக்கும் கழுவுநீர் (நுரையீரலுக்குள் செலுத்தித் திரும்ப எடுக்கும் நீர்) மிகக் குறைவு என்பதால் எதற்கு முன்னுரிமை தருவது என்று அனுபவமுள்ளவர்கள் கூற வேண்டுகிறேன்.

மறுமொழி 1

எலிக்கும் சுண்டெலிக்கும் இன்டர்லூக்கின்-8 மரபணுவே இல்லை. எனவே புரத அளவைக் காட்டும், மனிதருக்கான எலைசா கிட் வாங்கிப் பணத்தை வீணாக்க வேண்டாம். எலியில் சின்க்-1, சுண்டெலியில் கேசி, மிப்-2 என, அதே வேலையைச் செய்யும் புரதங்களை அளப்பதே வழக்கம். பன்றிக்குட்டி, செம்மறிக்குட்டி என்றால் இன்டர்லூக்கின்-8 பொருந்தும்.

ஆனால் இவையெல்லாம் அழற்சி வந்துவிட்டது என்பதை மட்டுமே சொல்லும். காற்றறைக்கும் இரத்த நுண்குழாய்க்கும் இடையிலுள்ள தடுப்பு உடைந்ததா என்று சொல்லமாட்டா. திசுச் சேதம், தடுப்புச் சிதைவு, அழற்சி, உடலியங்கியல் குறைபாடு ஆகிய நான்கில் குறைந்தது மூன்றேனும் தென்பட வேண்டும் என்று நுரையீரல் மருத்துவ அமைப்பான அமெரிக்கன் தொராசிக் சொசைட்டியின் 2011 அறிக்கை வகுத்திருப்பது இதனால்தான். ஆகவே, தடுப்பு உடைந்தால் இரத்தத்திலிருந்து காற்றறைக்குள் கசியும் புரதமான ஆல்புமினுக்கே நான் முதலிடம் தருவேன். கழுவுநீரை மெதுவாகச் சுழற்றினால் அடியில் படியும் செல்களில் நியூட்ரோபில்களை (அழற்சியில் திரளும் வெள்ளணுக்களை) எண்ணலாம். மேலே தெளிந்து நிற்கும் நீரில் ஆல்புமினையும் சின்க்-1ஐயும் அளக்கலாம். இரத்தம் கலந்து சிவந்த மாதிரியை ஒதுக்கிவிடுங்கள், ஏனெனில் அதில் ஆல்புமின் பொய்யாக உயர்ந்து காட்டும். திசுப் பரிசோதனைக்கு அதே ஈற்றின் வேறு குட்டிகளை, கழுவாமல், ஒரே அழுத்தத்தில் நுரையீரலை விரித்துப் பதப்படுத்துங்கள்.

மறுமொழி 2

மேலே சொன்னதை முழுமையாக ஏற்கிறேன். வயதைப் பற்றியும் வலியுறுத்த விரும்புகிறேன். பிறந்த முதல் சில மணி நேரங்களில் கருக்கால நுரையீரல் நீர் இன்னும் வடிந்துகொண்டிருக்கும் என்பதால், காயமே இல்லாத குட்டியிலும் ஈர எடை கூடுதலாகவே இருக்கும். அதே நாள் வயதுடைய, அறைக் காற்றில் வளர்ந்த குட்டிகளோடு ஒப்பிடாவிட்டால் அந்த விகிதத்துக்குப் பொருளில்லை.

வளர்ந்த எலி இவ்வளவு ஆக்சிஜனில் ஏறத்தாழ மூன்று நாளில் இறந்துவிடும். பிறந்த குட்டியோ ஆக்சிஜனேற்ற எதிர்ப்பு நொதிகளைப் பெருக்கிக்கொண்டு நெடுநாள் தாங்கும். எனவே வளர்ந்த எலிகளின் கால அட்டவணையை அப்படியே பின்பற்றாதீர்கள். மேலும், எலிக்குட்டி பிறக்கும்போது அதன் நுரையீரல் பை நிலையிலேயே (காற்றறைகள் இன்னும் பிரிந்து உருவாகாத நிலையில்) இருப்பதால், நீண்ட நாள் ஆக்சிஜனுக்குப் பின் காணும் அகன்ற, எண்ணிக்கை குறைந்த காற்றறைகள் வளர்ச்சி தடைப்பட்டதன் அடையாளம். அதைக் கடுமையான (திடீர்) காயம் என்று எழுதினால் மதிப்பீட்டாளர்கள் சரியாகவே மறுப்பார்கள்.

கேள்வி கேட்டவர்

மிக்க நன்றி. ஒவ்வொரு குட்டியிலும் கழுவுநீர் வேறு வேறு அளவில் திரும்பி வந்தால் ஆல்புமின் அளவை எப்படிச் சரிசெய்வது?

மறுமொழி 1

யூரியா தடுப்பைத் தாண்டி எளிதாகப் பரவி, நுரையீரல் நீரிலும் இரத்தத்தில் உள்ள அளவிலேயே இருக்கும் என்பதால், பிளாஸ்மாவிலும் கழுவுநீரிலும் அதை அளந்து நீர்த்த விகிதத்தைக் கணக்கிடலாம். கழுவும்நீர் உள்ளே அதிக நேரம் நின்றால் கூடுதல் யூரியா கசிந்து கணக்கைக் கெடுக்கும். எனவே எல்லாக் குட்டிகளிலும் ஒரே நேர அளவைக் கடைப்பிடியுங்கள்.