பழைய கட்டடத்தில் ஒட்டிய புதுக் கட்டடம்: மனசை விட்டுப் போகாத அனுபவங்கள்

ஸ்கார்பரோ அக்கா
டொரொன்டோ ராயல் ஒண்டாரியோ அருங்காட்சியகத்தின் 'கிரிஸ்டல்' இங்கே எல்லாருக்கும் தெரியும். 1914இல் திறந்த செங்கல் கட்டடத்தோடு 2007இல் கட்டடக் கலைஞர் டேனியல் லிபெஸ்கின்ட் சேர்த்த அலுமினிய, கண்ணாடிக் கூர்முனைகள். புளோர் தெருவில் நடக்கும்போதெல்லாம் எனக்கு எரிச்சல்தான். அம்மாவைக் கூட்டிக்கொண்டு போன அன்று, பழையதும் புதியதும் சேருகிற கூடத்தில் அவர் நின்றுவிட்டார். வெயிலும் பனியும் பட்டுக் கிடந்த பழைய சுவர், ஜன்னல்களோடு இப்போது கூரைக்குள்ளே நிற்கிறது. "இது வெளிச்சுவரெல்லோ? ஏன் பிள்ளை உள்ளுக்கை நிக்குது?" என்று கேட்டுக்கொண்டே ஜன்னல் ஓரத்தை உள்ளங்கையால் தடவினார். எனக்குப் பதில் வரவில்லை. இன்றைக்கும் வரவில்லை.

பெர்லின் மாணவன்
அக்கா, பக்கத்தில் புதுசு இல்லாவிட்டால் அம்மா அந்தச் சுவரைக் கவனித்திருப்பாரா? கிரிஸ்டலுக்காக இடித்ததும் 1914 கட்டடத்தை இல்லை, 1980களில் கட்டிய கூடத்தை.

நான் சொல்ல வந்தது ரெய்ஷ்டாக், இங்கே பெர்லினில் இருக்கும் ஜெர்மன் நாடாளுமன்றக் கட்டடம். 1960களில் பழுதுபார்த்தவர்கள் உள்சுவர்களைப் பலகை அடித்து மறைத்துவிட்டார்கள். பின்னால் அதைப் புதுப்பித்த கட்டடக் கலைஞர் நார்மன் ஃபாஸ்டர் அந்தப் பலகைகளைப் பிரித்தபோது, 1945இல் நகரைப் பிடித்த சோவியத் வீரர்கள் கரியாலும் சாக்பீஸாலும் எழுதியவை வெளியே வந்தன. பலவற்றை அழிக்காமல் விட்டார்கள். எல்லாரும் மேலே கண்ணாடிக் குவிமாடத்துக்கு ஓடுகிறார்கள், நடுவில் இருக்கும் 360 முகம் பார்க்கும் கண்ணாடிகளைப் படம் எடுக்க. நான் கீழ்த் தாழ்வாரத்திலேயே நின்றுவிட்டேன். கூட வந்த ரஷ்யத் தோழி ஒவ்வொரு பெயராக வாய்விட்டு வாசித்தாள். ஒரு பெயருக்கு வந்ததும் நிறுத்திவிட்டாள். அவள் தாத்தாவின் பெயராம். அவர் இல்லை, பெயர் மட்டும்தான் அதே. அதற்கப்புறம் அவள் குவிமாடத்துக்கு வரவே இல்லை.

தேவகோட்டைக்காரன்
அதெல்லாம் பெரிய இடம். எங்கள் ஐயா கட்டின வீட்டில் பின்கட்டை ஒட்டிக் கண்ணாடியும் இரும்புமாக இரண்டு அறை போட்டோம். பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் வேலை எடுத்தவர், சேருகிற இடத்தில் சுண்ணாம்புச் சுவர் மேல் சிமெண்ட் பூசிவிட்டுப் போனார். முதல் ஐப்பசி மழைக்கே அதற்கு மேலே உப்புப் பூத்துவிட்டது. முகம் பார்க்கிற மாதிரி இருந்த பூச்சு. அப்பத்தா தினமும் ஈரத்துணியால் துடைக்கிறார், மறுநாள் திரும்ப வெள்ளைப் பொடி.

சுண்ணாம்பு வேலை
தம்பி, முதலில் அப்பத்தாவை ஈரத்துணியை நிறுத்தச் சொல்லுங்கள். தண்ணீர் பட்டால் உப்பு கரைந்து மறுபடி சுவருக்குள் போகும். காய்ந்த பிரஷால் தட்டிவிட்டால் போதும். பழைய சுவர் தரையிலிருந்து ஈரம் இழுக்கும். சுண்ணாம்பு அதை வெளியே விடும், சிமெண்ட் விடாது. போக வழியில்லாத ஈரம் சிமெண்டுக்கு மேலே ஏறி நல்ல பூச்சின் பின்னால் உட்காரும். அதனால் சிமெண்டைக் கொத்தி எடுத்தே ஆக வேண்டும். எடுத்த கையோடு பூசாதீர்கள், ஒரு கோடை முழுக்கக் காயட்டும். அப்புறம் நன்றாக ஊறின சுண்ணாம்பு, மணல், கடுக்காய்த் தண்ணீர்.

இரும்புச் சட்டம் பழைய சுவர் மேல் உட்கார்ந்திருக்கிறதா என்றும் பாருங்கள். பழைய அஸ்திவாரம் இறங்கி அடங்கிவிட்டது, புதுசு இனிமேல்தான் இறங்கும். இரண்டையும் பிணைத்தால் பழையதுதான் கிழியும். மதுரைப் பக்கம் ஒரு பழைய பள்ளிக்கூடத்தில் லிஃப்ட் கூண்டைச் சுவரோடு கம்பி போட்டுக் கட்டியிருந்தார்கள். விரிசலில் என் கை போனது, அந்தப் பக்கம் வகுப்பில் பிள்ளைகள் உட்கார்ந்திருந்தார்கள். டொரொன்டோ கிரிஸ்டல்கூடத் தன் காலில்தான் நிற்கிறது, பழைய கட்டடத்தோடு பாலங்கள் வழியாக மட்டுமே சேருகிறது.

ஸ்கார்பரோ அக்கா
பெர்லின் தம்பி, ரெய்ஷ்டாக்கில் முன்பும் குவிமாடம் இருந்தது, அந்த இடத்தில்தான் புதுசு வந்தது. இங்கே சாய்ந்த சுவர்களில் ஒரு படம் மாட்ட வழியில்லை. 20 வருஷம்கூட ஆகவில்லை, 2024இலிருந்து புளோர் தெரு வாசலை மறுபடி மாற்றிக் கட்டுகிறார்கள். பழசுக்கும் புதுசுக்கும் மாறுபாடு மட்டும் இருந்தால் போதாது என்றுதான் சொல்கிறேன்.

தேவகோட்டைக்காரன்
சார், கொத்தும்போது மேலே மிச்சமிருக்கிற பூச்சு உதிர்ந்துவிடாதா?

சுண்ணாம்பு வேலை
மெஷின் போட்டால் உதிரும். சின்ன உளி, சின்னச் சுத்தியல். கீழ் ஓரத்தில் ஆரம்பித்து மேலே வாருங்கள், பூச்சுக்கு ஒரு சாண் இருக்கும்போது நிறுத்திவிட்டு, மிச்சத்தைப் பழைய கொத்தனார் கையில் கொடுங்கள்.