நீர்வண்ணத் தாள் வண்ணத்தை உறிஞ்சிவிடுகிறது: உதவி தேவை

வணக்கம். பல ஆண்டுகளுக்குப் பிறகு மீண்டும் ஓவியம் வரையத் தொடங்கியுள்ள எனக்கு, மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் ரப்பர்த் தோட்டத்தை ஒட்டி வீடு. சென்ற தீபாவளிக்கு முன் வாங்கி அலமாரியில் வைத்த சதுர மீட்டருக்கு 300 கிராம் எடையுள்ள பருத்தித் தாள், இப்போது தூரிகை பட்டதும் மை ஒற்றும் தாளைப் போல வண்ணத்தை உறிஞ்சி, வானத்துக்கு நீலம் பூசிய இடமெல்லாம் கருநீலப் புள்ளிகளாகக் காட்டுகிறது. வண்ணம் உள்ளே இறங்காமல் தடுக்கும் அதன் ஜெலட்டின் (விலங்குப் பசை) பூச்சு ஈரப்பதத்தில் சிதைந்திருக்க வேண்டும். பென்சில் கோட்டுக்கு மட்டும் குறையில்லை.

வெயிலில் உலர்த்தியும், சிலிக்கா ஜெல் பைகளுடன் மூடி வைத்தும் பயனில்லை. ஒரு லிட்டர் வெந்நீரில் 20 கிராம் ஜெலட்டின் தூளைக் கரைத்துப் பூசியபோது (சைவ வீட்டில் அதற்கே பெரிய விசாரணை நடந்தது) புள்ளிகள் குறைந்தன, ஆனால் அடைமழை வாரத்தில் ஓரங்களில் பூஞ்சை பிடித்துவிட்டது. மரவள்ளி மாவுக் கஞ்சி பூசிய தாளோ விறைத்து, வளைத்தால் வெடிக்கிறது.

ஜெலட்டின் இல்லாமல், பூஞ்சைக்கு இடம் தராமல், இத்தாளுக்கு வீட்டிலேயே மறுபூச்சு கொடுக்க எதை, எந்த அளவில் பயன்படுத்தலாம்?