சைன் ஸ்கொயர் 3எக்ஸ் வகையிட்டா மூணு வழியில மூணு விடை வருது, உதவி

கடைசிவரி
அவசரம். சைன் ஸ்கொயர் 3எக்ஸ் வகையிடணும். எனக்கு ஒண்ணு வருது, விடைப் பக்கத்துல வேற இருக்கு. எது சரின்னு பார்க்க கால்குலேட்டர்ல சாய்வு போட்டுப் பார்த்தேன், அது ரெண்டோடயும் ஒட்டல. ஃபார்முலா எல்லாம் சரியாத்தான் போட்டிருக்கேன். தப்பு எங்க?

நோட்டுமூலை
உங்களுக்கு என்ன வந்துச்சு, புத்தகத்துல என்ன இருக்கு, எக்ஸ்க்கு எவ்வளவு போட்டீங்க? ஒண்ணையும் எழுதல. வரியைக் காட்டாம எந்த வரியில தப்புன்னு கேட்டா நாங்க என்ன சொல்றது?

அடைப்புக்குறி
அதுக்கும் முன்னாடி ஒண்ணு. ஸ்கொயர் எதுக்கு? சைனுக்கா, 3எக்ஸ்க்கா?
(சைன் 3எக்ஸ்)² னா விடை 6 சைன் 3எக்ஸ் காஸ் 3எக்ஸ்.
சைன்((3எக்ஸ்)²) னா உள்ளே இருக்கிறது 9எக்ஸ்², விடை 18எக்ஸ் காஸ்(9எக்ஸ்²).
ரெண்டுக்கும் சம்பந்தமே இல்ல. சைன் தலையில 2 போட்டா வர்க்கம், அதே இடத்துல −1 போட்டா தலைகீழ் இல்ல, நேர்மாறுச் சார்பு. இந்த எழுத்துமுறையைக் கொண்டுவந்தவங்களைத்தான் முதல்ல கேட்கணும். 1/சைன் எக்ஸை வகையிட்டா −கோசெக் எக்ஸ் காட் எக்ஸ். நேர்மாறு சைனை வகையிட்டா 1/√(1−எக்ஸ்²). பாதிப் பேர் இங்கதான் விழுறாங்க. என் கணிப்பு, நீங்களும் அடைப்புக்குறி போடாமத்தான் மாட்டியிருக்கீங்க.

பதின்மம்
சாய்வு போட்டேன்னா எப்படிப் போட்டீங்க? எச், அதாவது எக்ஸை நகர்த்தின அந்தச் சின்ன அளவு, எவ்வளவு? நுணுக்கமா வரட்டும்னு 0.000000001 மாதிரி எதையாவது போட்டிருந்தா, கழிக்கும்போது முன்னாடி இருக்கிற இலக்கமெல்லாம் அடிபட்டு மிஞ்சுறது வெறும் குப்பைதான். கால்குலேட்டர் சொல்றது ஒட்டலன்னா பத்துல ஒன்பது தடவை எச்சுலதான் கோளாறு.

பரவளைவு
சூத்திரத்தை மனப்பாடம் செய்துகொண்டு வந்தால் இப்படித்தான் ஆகும், தம்பி. எல்லை வரையறையிலிருந்து ஒரு முறையாவது செய்து பார்த்ததுண்டா? சைன்(எக்ஸ்+எச்) − சைன் எக்ஸ் என்பதை விரித்தால் சைன் எக்ஸ் (காஸ் எச் − 1) + காஸ் எக்ஸ் சைன் எச். எச்சால் வகுத்தால் (காஸ் எச் − 1)/எச் பூச்சியத்துக்கும், சைன் எச்/எச் ஒன்றுக்கும் போகும். லோபிதால் விதியைப் போட்டால், அதாவது 0/0 ஆகும் பின்னத்தில் மேலேயும் கீழேயும் தனித்தனியே வகையிட்டு எல்லை எடுத்தால், இரண்டுமே ஒரே வரி. மீதி இருப்பது காஸ் எக்ஸ். இது கைவந்தவருக்கு இந்த இழையே தேவைப்பட்டிருக்காது.

கடைசிவரி
(சைன் 3எக்ஸ்)² தான். எனக்கு வந்தது 2 சைன் 3எக்ஸ் காஸ் 3எக்ஸ். புத்தகத்துல 3 சைன் 6எக்ஸ். எக்ஸ் = 10 போட்டா எனக்கு 0.866, புத்தகத்துக்கு 2.598, கால்குலேட்டர் சாய்வு 0.0453. எச் = 0.001.

நோட்டுமூலை
இதை முதல்லயே எழுதியிருந்தா வேலை முடிஞ்சிருக்கும். புத்தகம் சரி. நீங்க சங்கிலியில ஒரு கண்ணியை விட்டுட்டீங்க.

இது மூணு அடுக்கு. வெளியில வர்க்கம், நடுவுல சைன், உள்ளே 3எக்ஸ். வெளியிலிருந்து ஒவ்வொண்ணா உரிச்சுக்கிட்டே வாங்க.
வர்க்கம்: 2 × சைன் 3எக்ஸ்
சைன்: × காஸ் 3எக்ஸ்
3எக்ஸ்: × 3
மொத்தம் 6 சைன் 3எக்ஸ் காஸ் 3எக்ஸ்.

நீங்க ரெண்டாவது அடுக்கோட நின்னுட்டீங்க. வர்க்கத்தை வகையிட்டு, சைனையும் வகையிட்டதும் வேலை முடிஞ்ச மாதிரி இருக்கும், கை தானா நின்னுடும். தனியா இருக்கிற எக்ஸ் கண்ணுல படுற வரைக்கும் பெருக்கிக்கிட்டே போகணும்.

இனி புத்தக விடை. 2 சைன் 3எக்ஸ் காஸ் 3எக்ஸ் = சைன் 6எக்ஸ். அதனால 6 சைன் 3எக்ஸ் காஸ் 3எக்ஸும் 3 சைன் 6எக்ஸும் ஒண்ணுதான், உருவம்தான் வேற. நீங்க எழுதினது சைன் 6எக்ஸ், புத்தகத்துல மூணுல ஒரு பங்கு. 0.866 × 3 = 2.598, பொருந்துதா?

அரைச்சுற்று
0.0453 க்கு வேற காரணம். ரெண்டு தனித்தனித் தப்பு ஒரே நேரத்துல நடந்திருக்கு, அதான் மூணு விடை. உங்க கால்குலேட்டர் டிகிரி மோட்ல இருக்கு, கோணத்தைப் பாகையில எடுத்துக்குது.

2.598 ஐ 0.0453 ஆல வகுத்துப் பாருங்க, ஏறத்தாழ 57.3 வரும். அது 180/பை. விடைகள் 57.3 மடங்கு விலகி நின்னா வேற எங்கயும் தேட வேண்டாம்.

சைனோட வகைக்கெழு காஸ்ங்கிறது கோணத்தை ரேடியன்ல (180 பாகை = பை ரேடியன்) அளந்தா மட்டும்தான். பாகையில அளந்தா (பை/180) காஸ் எக்ஸ், அதாவது 0.01745 காஸ் எக்ஸ். உங்க சாய்வு, எக்ஸ் ஒரு பாகை நகர்ந்தா சார்பு எவ்வளவு நகரும்னு சொல்லுது. ஃபார்முலா ஒரு ரேடியனுக்குச் சொல்லுது. கால்குலேட்டர் பொய் சொல்லல, வேற கேள்விக்குப் பதில் சொல்லுது. சைன் 30, காஸ் 30 மாதிரி வெறும் மதிப்புக்கு டிகிரி மோட் போதும், அதனால இது கண்ணுல படாம ஓடிக்கிட்டே இருக்கும். வகையிடும்போதுதான் மாட்டும்.

பதின்மம்
அவசரப்படாதீங்க. அவர் முன்பக்கம் மட்டும் எச் நகர்த்தியிருக்கார். அதுல எப்பவும் பிழை உண்டு.

அரைச்சுற்று
உண்டு, எவ்வளவுன்னு கணக்குப் போடுங்க. முன்பக்க வித்தியாசத்தோட பிழை ஏறத்தாழ எச்/2 × இரண்டாம் வகைக்கெழு. பாகைக் கணக்குல இங்க அது 0.0000014. இது 57 மடங்கை விளக்குமா?

கடைசிவரி
ரேடியன் மோட்ல மாத்திட்டேன், 3ம் போட்டுட்டேன். இப்ப மைனஸ் வருது!! ஃபார்முலா −0.914, கால்குலேட்டர் −0.923. முன்னாடி இருந்ததை விட மோசம்.

அரைச்சுற்று
மோட் மாத்தினீங்க, 10 ஐ மாத்தல. இப்ப அது 10 ரேடியன், அதாவது 573 பாகைக்குக் கொஞ்சம் குறைவு. வளைவுல வேற இடத்துக்குப் போயிட்டீங்க, அங்க சாய்வு குறைதான். 10 பாகைங்கிறது பை/18, அதாவது 0.174533. அதைப் போடுங்க.

பதின்மம்
−0.914 க்கும் −0.923 க்கும் நடுவுல இருக்கிறது என்ன? நான் முதல்லயே சொன்ன எச்! இரண்டாம் வகைக்கெழு 18 காஸ் 6எக்ஸ், 10 ரேடியன்ல −17.14. அதை 0.0005 ஆல பெருக்கினா −0.0086. −0.9144 ஓட சேர்த்தா −0.9230. அச்சு அசலா அவருக்கு வந்தது.

மைய வித்தியாசம் எடுங்க: எக்ஸ்+எச் ல ஒரு மதிப்பு, எக்ஸ்−எச் ல ஒரு மதிப்பு, கழிச்சு 2எச்சால வகுக்கணும். அதே எச் = 0.001 க்கு −0.9144 வரும், நாலு இலக்கமும் சரி. முன்பக்க முறையில எச்சைப் பத்துல ஒரு பங்காக்கினா பிழையும் பத்துல ஒரு பங்குதான் ஆகும், மைய முறையில நூறுல ஒரு பங்கு. ரொம்பச் சின்னதாக்கினா மேல சொன்ன இலக்கத் தொல்லை வந்துடும்.

அரைச்சுற்று
இந்த 0.009 உங்களுது, சரி. 57 மடங்கு என்னது.

கோணமானி
பரவளைவு ஐயா சொன்னதை அப்படியே விட முடியல. சைன் எச்/எச் எல்லைக்கு லோபிதால் போடணும்னா மேல இருக்கிற சைனை வகையிடணும். சைனை வகையிடத் தெரியணும்னா அந்த எல்லை வேணும். நிறுவ வேண்டியதையே எடுத்து நிறுவுறீங்க.

நேரான வழி பரப்புதான். ஆரம் 1 உள்ள வட்டத்துல கோணம் எச். உள் முக்கோணம் ½ சைன் எச் காஸ் எச், வட்டக்கோணப்பகுதி ½ எச், வெளி முக்கோணம் ½ டான் எச். ஒண்ணுக்குள்ள ஒண்ணு அடங்கும். ½ சைன் எச் ஆல வகுத்துத் தலைகீழாக்கினா சைன் எச்/எச், காஸ் எச்சுக்கும் 1/காஸ் எச்சுக்கும் நடுவுல மாட்டிக்கும். எச் பூச்சியத்துக்குப் போனா ரெண்டு பக்கமும் 1. காஸ் எல்லைக்கு மேலயும் கீழயும் (1 + காஸ் எச்) ஆல பெருக்குங்க, சைன் எச்/எச் × சைன் எச்/(1 + காஸ் எச்) ன்னு ஆகி (குறி தவிர) 1 × 0.

ரேடியன் எங்க நுழையுதுன்னும் இதுலயே தெரியும். பரப்பு ½ எச்னு எழுதுற இடம் அது. பாகையா இருந்தா அங்க பை எச்/360 வந்திருக்கும்.

பரவளைவு
சைனை அடுக்குத் தொடரால் வரையறுத்தால் உங்கள் வட்டமே வேண்டாம்: எக்ஸ் − எக்ஸ்³/6 + எக்ஸ்⁵/120 − … உறுப்பு உறுப்பாக வகையிட்டால் 1 − எக்ஸ்²/2 + எக்ஸ்⁴/24 − … அதுவே காஸ். அதன் பிறகு லோபிதால் போடுவதில் எந்தச் சுழற்சியும் இல்லை. இந்த அளவு தெரியாமல் நான் எழுதுவேனா?

கோணமானி
தொடர் கையில இருந்தா எச்சால வகுத்தாலே 1 − எச்²/6 + … ன்னு எல்லை தெரிஞ்சுடுது, லோபிதால் எதுக்கு? இன்னொண்ணு, அந்தத் தொடரும் முக்கோணத்து சைனும் ஒண்ணுதான்னு காட்டுற கடன் உங்க தலையில வருது. காட்டலாம், ஒரே வரியில முடியாது.

பரவளைவு
அப்படியானால் வட்டக்கோணப்பகுதியின் பரப்பு ½ எச் என்பது எங்கிருந்து வந்தது என்று நீங்கள் சொல்லுங்கள்.

கோணமானி
முழு வட்டத்துல விகிதம் எடுத்து. வட்டத்தோட பரப்பு, ஆரத்தையும் சுற்றளவையும் செங்கோணப் பக்கங்களா வச்ச முக்கோணத்தோட பரப்புக்குச் சமம்னு ஆர்க்கிமிடீஸ் நிறுவினதுல வகைக்கெழு எதுவும் இல்ல.

அடைப்புக்குறி
ரெண்டு பேரும் சைன் எச்/எச் ன்னு எழுதுறீங்க. அது (சைன் எச்)/எச் ஆ, சைன்(எச்/எச்) ஆ?

நோட்டுமூலை
இதுக்கு வேற இழை திறங்க. கேட்டவர் இருக்காரா?

கடைசிவரி
பை/18 போட்டேன், மைய முறையில 2.598 வந்துடுச்சு. 3 விட்டதும் டிகிரி மோடும்தான். நன்றி. காஸ் ஸ்கொயர் 3எக்ஸ்க்கு இதே விடையில மைனஸ் மட்டும் போட்டா போதுமா?

நோட்டுமூலை
போதும். ரெண்டு வர்க்கத்தையும் கூட்டினா எப்பவும் 1, அதோட வகைக்கெழு 0. ஒண்ணு 3 சைன் 6எக்ஸ் னா இன்னொண்ணு −3 சைன் 6எக்ஸ் ஆகத்தான் வேணும். (காஸ் 3எக்ஸ்)² ன்னு அடைப்புக்குறி போட்டு எழுதுங்க, இல்லன்னா மேல ஒருத்தர் திரும்ப வந்துடுவார்.