பிரைவேட் ஃபீல்டு வெளியிலிருந்து மாறிய அனுபவங்கள்

இழையைத் தொடங்கியவர்:

காப்பீட்டு மென்பொருள் ஒன்றைப் பராமரிக்கும் குழுவில் நான் இருந்தபோது, சில பாலிசிகளின் தொடக்கத் தேதி ஓராண்டு தள்ளிப்போய்விடுவதாகப் புகார் வந்தது. ஜாவாவில் எழுதிய பாலிசி கிளாஸில் (பாலிசி ஆப்ஜெக்டுகளுக்கான வார்ப்பில்) அந்தத் தேதியை வைத்திருக்கும் ஃபீல்டு பிரைவேட் (வெளியிலிருந்து நேரடியாக அணுக முடியாதது), ஃபைனல் என்றே அறிவிக்கப்பட்டிருந்தது. அதை மாற்றும் மெத்தடான செட்டரும் இல்லை. ஆகவே தரவுத்தளத்தின் மீதுதான் எல்லோருக்கும் முதலில் சந்தேகம் எழுந்தது. தேதி மாறிய பாலிசிகள் அனைத்துக்கும் புதுப்பித்தல் அறிவிப்பு அச்சிடப்பட்டிருந்ததைக் கவனித்த பிறகே காரணம் புலப்பட்டது. அறிவிப்பு மாட்யூல், கெட்டர் (ஃபீல்டின் மதிப்பைத் தரும் மெத்தட்) வழியாகப் பெற்ற டேட் ஆப்ஜெக்டிலேயே ஓராண்டைக் கூட்டி அடுத்த தவணை நாளைக் கணக்கிட்டுக்கொண்டிருந்தது. கெட்டர் கொடுத்தது நகலை அன்று. பாலிசி வைத்திருந்த அதே ஆப்ஜெக்டின் ரெஃபரன்ஸை, அதாவது அதைச் சுட்டும் இணைப்பை. ஃபைனல் என்பது அந்த ஃபீல்டு வேறோர் ஆப்ஜெக்டைச் சுட்டாதபடி தடுக்குமே தவிர, சுட்டப்படும் ஆப்ஜெக்டின் உள்ளடக்கத்தைக் காக்காது. நகல் எடுத்துக் கொடுக்குமாறு கெட்டரை மாற்றினோம். பின்னர், 2014இல் ஜாவா 8 உடன் வந்த, மதிப்பு மாறவே மாறாத லோக்கல்டேட் கிளாஸுக்கு முழுவதுமாக மாறினோம். நீங்கள் எதிர்கொண்டவற்றையும் அறிய விரும்புகிறேன்.

முதல் மறுமொழி:

நான் கண்டது கன்ஸ்ட்ரக்டர் (ஆப்ஜெக்டை உருவாக்கும் பகுதி) பக்கத்துக் கசிவு. ஆர்டர் கிளாஸ், அழைப்பவர் தந்த லிஸ்ட்டை அப்படியே வைத்துக்கொண்டது. அழைத்தவரோ அடுத்த ஆர்டருக்காக அதே லிஸ்ட்டைக் காலி செய்து நிரப்பினார். விளைவாக, எல்லா ஆர்டர்களிலும் கடைசி வாடிக்கையாளரின் சரக்குகளே இருந்தன. மாற்ற அனுமதிக்காத லிஸ்ட்டைத் தரும் அன்மாடிஃபையபிள்லிஸ்ட் மெத்தடைப் போட்டால் போதும் என்று குழுவில் ஒருவர் சொன்னார். அது மூல லிஸ்ட்டின் மீது போர்த்தப்படும் பார்வை மட்டுமே. மூலத்தை வைத்திருப்பவர் மாற்றினால் இதிலும் மாறும். ஜாவா 10இல் வந்த லிஸ்ட்.காப்பிஆஃப்தான் தனி லிஸ்ட்டைத் தருகிறது, அதுவும் உறுப்புகளை நகலெடுப்பதில்லை. மதிப்புகளைச் சரிபார்ப்பதாயின் நகலெடுத்த பிறகு நகலையே சரிபார்க்க வேண்டும். இல்லையேல் இடைப்பட்ட நேரத்தில் வேறொரு த்ரெட் (அதே நிரலில் இணையாக ஓடும் செயலோட்டம்) மூலத்தை மாற்றிவிடக்கூடும்.

இதைச் சிறு பிழையாக எண்ணக் கூடாது. ஜாவா 1.1இல் கெட்சைனர்ஸ் மெத்தட், ஒரு கிளாஸுக்கு டிஜிட்டல் கையொப்பமிட்டோரின் உள் அரேயையே திருப்பித் தந்தது. அதில் எழுதி ஒரு ஆப்லெட் (உலாவிக்குள் ஓடும் சிறு ஜாவா நிரல்) தனக்கு இல்லாத நம்பகத்தன்மையைப் பெற முடியும் என்பது 1997இல் வெளிப்பட்டது.

இரண்டாம் மறுமொழி:

நகலெடுப்பதை எங்கும் விதியாக்குவதில் எனக்கு உடன்பாடில்லை. ஒரே வாடிக்கையாளரை இரண்டு திரைகள் காட்டும் மென்பொருளில், ஒவ்வொரு திரையும் தனி நகலை வைத்திருந்ததால், ஒன்றில் திருத்திய முகவரி மற்றொன்றைச் சென்றடையாமல், பிறகு பழைய முகவரியே மீண்டும் சேமிக்கப்பட்டதை நான் பார்த்திருக்கிறேன். அங்கே பகிர்வுதான் தேவை. ஆனால் மாற்றும் உரிமை யாருக்கு என்பது தீர்மானிக்கப்பட்டிருக்க வேண்டும்.

அத்தீர்மானத்தை டைப்பிலேயே (மதிப்பின் வகை அறிவிப்பிலேயே) எழுத வேண்டும் என்பது என் கருத்து. கிளார்க், பாட்டர், நோபிள் ஆகியோர் 1998இல் முன்வைத்த உரிமை டைப்கள், ஓர் ஆப்ஜெக்டின் உள் உறுப்புகளுக்கான ரெஃபரன்ஸ் வெளியே செல்வதை, நிரலை மொழிமாற்றும் கம்பைலரே மறுக்குமாறு செய்தன. சி++11இன் யூனிக்_பாயிண்டர், ஆப்ஜெக்டை அழிக்கும் பொறுப்பை ஒருவரிடம் ஒப்படைக்கிறது. ஆயினும் அதிலிருந்து சாதாரணப் பாயிண்டரை எடுத்து வேறெங்கும் வைத்துக்கொள்வதைத் தடுப்பதில்லை. ரஸ்ட் மொழி மேலும் கறாரானது: ஒரு மதிப்புக்கு ஒரு நேரத்தில் மாற்றக்கூடிய ரெஃபரன்ஸ் ஒன்று, அல்லது வாசிக்க மட்டுமேயான ரெஃபரன்ஸ்கள் பல. தாய்க் கணுவைச் சேய்க் கணு திரும்பிச் சுட்டும் மரங்களை அதில் எழுதுவது கடினம்தான்; தாய் சேயை ஆர்சி (உரிமையைப் பகிரும் பாயிண்டர்) மூலம் வைத்திருக்க, சேய் தாயை வீக் (உரிமை கொள்ளாத பாயிண்டர்) மூலம் சுட்டுமாறு நாங்கள் அமைத்தோம்.