உதவி: ஜமைக்கா நாவல் மொழிபெயர்ப்பு, காப்புரிமை 95 வருடமா? அவசரம்

கூழாங்கல் (வியாழன், இரவு 11.38)
வணக்கம் நண்பர்களே, அவசரம். ஜமைக்கா நாவல் ஒன்றை மொழிபெயர்த்து முடித்துவிட்டேன். இரண்டு வருட உழைப்பு, மெய்ப்புப் பார்த்து அச்சுக்குப் போகவேண்டிய நிலையில் இருக்கிறது. எழுத்தாளர் இறந்து ரொம்ப காலம் ஆகிவிட்டதால் காப்புரிமை முடிந்திருக்கும் என்று நம்பித்தான் தொடங்கினேன். இன்று பதிப்பாளர் போன் செய்து, ஜமைக்காவில் எழுத்தாளர் இறந்து 95 வருடம் உரிமை உண்டாமே, திங்கட்கிழமைக்குள் தெளிவாகச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் ஜனவரிப் புத்தகக் காட்சிப் பட்டியலில் இருந்து எடுத்துவிடுகிறேன் என்கிறார். 95 உண்மையா? வெளியிடலாமா கூடாதா?

நாணல் (வியாழன், இரவு 11.51)
எந்த நாவல்? யார் எழுதியது? எந்த வருடம் இறந்தார்? "ரொம்ப காலம்" என்றால் 1930ஆ 1990ஆ?

மலைத்தேன் (வெள்ளி, காலை 6.20)
எந்த ஊரில் வெளியிடப் போகிறீர்கள் என்பதையும் சொல்லுங்கள். சென்னையில் அச்சுப் புத்தகமா, இலங்கைக்கும் போகுமா, கிண்டிலில் போடுவீர்களா? ஒவ்வொன்றுக்கும் பதில் வேறு.

வெட்டிவேர் (வெள்ளி, காலை 7.05)
இணையத்தில் பிடிஎஃப் கிடைக்கிறதா பாருங்கள் நண்பரே. பெரிய இணைய நூலகம் ஏதாவது ஸ்கேன் செய்து போட்டிருந்தால் உரிமை முடிந்துவிட்டது என்று அர்த்தம், அவர்கள் சரிபார்க்காமல் போட மாட்டார்கள். நான் அப்படித்தான் பார்ப்பேன்.

நாணல் (வெள்ளி, காலை 7.30)
அப்படிப் பார்க்காதீர்கள் வெட்டிவேர். உரிமை உள்ள புத்தகங்களையும் ஸ்கேன் செய்து இரவலாக மட்டும் கொடுக்கிற நூலகங்கள் இருக்கின்றன. திரையில் புத்தகம் தெரிகிறது என்பதால் மட்டும் அது பொதுவானது ஆகிவிடாது.

பழம்பதிப்பு (வெள்ளி, காலை 8.12)
இந்தக் கேள்வி இங்கே மாதம் ஒருமுறை வருகிறது, தேடிப் பார்க்கும் பொறுமை யாருக்கும் இல்லை. முதலில் சொல்லைத் திருத்துங்கள். நீங்கள் கேட்பது பதிப்புரிமை. காப்புரிமை என்பது கண்டுபிடிப்புக்குக் கொடுப்பது. இரண்டு வருடம் மொழிபெயர்ப்பு செய்தவருக்கு இது தெரியாதது வருத்தமாக இருக்கிறது. இரண்டாவது, இது வேலை தொடங்குமுன் கேட்கவேண்டிய கேள்வி, அச்சுக்குப் போகும்போது கேட்கிற கேள்வி இல்லை.

பனையோலை (வெள்ளி, காலை 8.40)
ஐயா, பத்திரிகைகளில் இரண்டுக்கும் காப்புரிமை என்றே எழுதுகிறார்கள், அவரைக் குறை சொல்லிப் பயனில்லை.
கூழாங்கல், சந்தேகம் இருந்தால் ஜமைக்கா அறிவுசார் சொத்து அலுவலகத்துக்கு ஒரு மின்னஞ்சல் போடுங்கள். அங்கே பதிவு செய்யாத நூலாக இருந்தால் பிரச்சினையே இல்லை.

மலைத்தேன் (வெள்ளி, காலை 9.02)
பதிவு செய்யாததால் உரிமை இல்லை என்று ஆகாது பனையோலை. ஜமைக்கா 1994 முதல் பெர்ன் உடன்படிக்கையில், அதாவது பதிப்புரிமைக்கான சர்வதேச ஒப்பந்தத்தில், இருக்கிறது. எழுதியவுடன் உரிமை தானாக வரும், பதிவு தேவையில்லை. இந்தியாவிலும் இதே கதைதான்.

95 பற்றி: ஜமைக்காவின் பதிப்புரிமைச் சட்டம் 1993இல் வந்தது, அதுவரை 1911ஆம் ஆண்டின் பிரிட்டிஷ் சட்டத்தை வைத்தே ஓட்டினார்கள். 1993 சட்டத்தில் எழுத்தாளர் இறந்து 50 ஆண்டு. 2015இல் திருத்தம் கொண்டுவந்து 95 ஆக்கினார்கள், அதையும் 2012 ஜனவரி 1 முதல் முன்தேதியிட்டு. உங்கள் பதிப்பாளர் சொன்ன எண் சரி. ஆனால் 2012க்கு முன்பே 50 ஆண்டு முடிந்து, யாரும் வெளியிடலாம் என்று பொதுவில் வந்த நூல்களுக்கு அந்தத் திருத்தம் திரும்ப உயிர் கொடுக்கவில்லை. அதனால்தான் இறந்த வருடம் கேட்கிறோம்.

தூக்கணாங்குருவி (வெள்ளி, காலை 10.15)
ஏன் 95? அந்தச் சின்ன நாட்டுக்கு இது எதற்கு?

கடல்நண்டு (வெள்ளி, காலை 10.44)
பாட்டுக்காக. ஜமைக்கா சுதந்திரம் அடைந்தது 1962 ஆகஸ்டில். ஸ்கா இசை அந்தச் சமயத்தில்தான் தலைநகர் கிங்ஸ்டன் ஸ்டுடியோக்களில் பொங்கி எழுந்தது, அப்புறம் ராக்ஸ்டெடி, ரெகே. ஒலிப்பதிவுக்கும் 50 ஆண்டுதான் என்றிருந்தால் 1962இன் பதிவுகள் 2012 முடிவோடு போய்விடும், அதன்பின் வருடா வருடம் ஒரு கட்டு. உலகம் முழுக்க விற்ற இசை, பாடியவர்களில் பலர் சாகும்வரை வாடகை வீட்டில் இருந்தவர்கள். அந்த நாடு தன் பாட்டைக் காப்பாற்ற நினைத்ததில் எனக்குத் தவறு தெரியவில்லை.

குறிஞ்சி_77 (வெள்ளி, காலை 11.20)
எனக்குத் தெரிகிறது. எல்லைக்கு வெளியே அந்த 95 செல்லாது. 1965இல் இறந்த ஒரு ஜமைக்கா எழுத்தாளருக்கு லண்டனில் 2035 முடிவு வரைதான் உரிமை, கிங்ஸ்டனில் மட்டும் 2060 முடிவு வரை. அதே சமயம் வெளிநாட்டுப் படைப்புகளுக்கும் ஜமைக்காவுக்குள் நீண்ட காலம் கொடுக்கிறார்கள். அப்படியானால் கூடுதல் ஆண்டுகளுக்குப் பணம் கட்டுவது யார்? ஜமைக்காவின் பள்ளிக்கூடமும் நூலகமும் வானொலி நிலையமும். பாடகருக்கு ஒப்பந்தத்தில் ஏமாற்றம் நடந்திருந்தால் அதைச் சரிசெய்ய வேண்டும், அவருடைய கொள்ளுப்பேரன் காலம் வரை பூட்டு போடுவதால் அது சரியாகாது.

கடல்நண்டு (வெள்ளி, காலை 11.41)
நாம் செய்யவில்லையா? தாகூர் 1941இல் இறந்தார், 1991 முடிவோடு 50 ஆண்டு நிறைந்தது, உடனே 1992இல் சட்டத்தைத் திருத்தி 60 ஆக்கினோம். ஒரு தாகூருக்காக ஒரு நாடே செய்ததை, ஒரு இசைக்காக ஜமைக்கா செய்தால் மட்டும் தப்பா?

குறிஞ்சி_77 (வெள்ளி, பகல் 12.05)
நாம் கூட்டியது 10, அவர்கள் கூட்டியது 45. இதை விடச் செம்மையான கணக்கு எனக்கு வேண்டாம். கரீபியக் கடலிலேயே கியூபா 50இல் நிற்கிறது, ஹெய்ட்டி 60, செயின்ட் வின்சென்ட் 75. அதற்கெல்லாம் மேலே போகவேண்டிய கட்டாயம் என்ன?

பழம்பதிப்பு (வெள்ளி, பகல் 12.30)
கேள்வி கேட்டவர் காணாமல் போய்விட்டார், நீங்கள் இருவரும் ரெகே பாடிக்கொண்டிருக்கிறீர்கள்.

வெட்டிவேர் (வெள்ளி, பகல் 1.10)
இந்தியச் சட்டம் பிரிவு 32இல் ஏழு வருடம் கழித்து யார் வேண்டுமானாலும் மொழிபெயர்க்கலாம் என்று இருக்கிறதே, அதைப் பிடித்துக்கொள்ளலாமே?

மலைத்தேன் (வெள்ளி, பகல் 1.25)
அது விண்ணப்பித்து, உரிமையாளருக்குப் பணம் கட்டி வாங்கும் உரிமம். தானாக வருவதில்லை.

கூழாங்கல் (வெள்ளி, இரவு 9.47)
மன்னிக்கவும், பள்ளியில் தேர்வு வேலை, இப்போதுதான் பார்க்கிறேன். எழுத்தாளர் ரோஜர் மேய்ஸ். நாவல் பிரதர் மேன். 1955 ஜூனில் இறந்தார். சென்னையில் அச்சு. யாழ்ப்பாணத்தில் ஒரு கடைக்கு நூறு பிரதி. கிண்டிலும் போடலாம் என்கிறார். கையில் இருப்பது 1974இன் ஹைனமன் பதிப்பு, பழைய புத்தகக் கடையில் வாங்கியது.

தூக்கணாங்குருவி (வெள்ளி, இரவு 10.02)
மேய்ஸா! 1944இல் சர்ச்சிலின் பேரரசுக் கொள்கையை எதிர்த்துக் கட்டுரை எழுதி, ராஜதுரோகம் என்று ஆறு மாதம் சிறையில் போட்டார்களே, அவர்தானே? தமிழில் வருகிறதா? நான் ஒரு பிரதி வாங்குகிறேன், இப்போதே எழுதிவையுங்கள்.

மலைத்தேன் (வெள்ளி, இரவு 10.36)
முதல் பதிவிலேயே இதைச் சொல்லியிருந்தால் காலையிலேயே நிம்மதியாகத் தூங்கியிருப்பீர்கள்.

1955 + 50 = 2005 முடிவு. ஆக ஜமைக்காவில் 2006 ஜனவரி 1 அன்றே பொதுவில் வந்துவிட்டது, 2015 திருத்தம் அதைத் தொடவில்லை. இன்னொன்று, நீங்கள் சென்னையில் அச்சிட்டால் பார்க்கவேண்டியது இந்தியச் சட்டம். எழுத்தாளர் பிறந்த ஊர் ஜமைக்கா என்பதற்காக ஜமைக்கா எண்ணைத் தூக்கிக்கொண்டு அலைய வேண்டாம். இந்தியாவில் 60, அதாவது 2015 முடிவு. 2016இலிருந்து தாராளமாக வெளியிடலாம். உங்கள் மொழிபெயர்ப்புக்குத் தனி உரிமை உண்டு, அது உங்களுடையது, நீங்கள் இறந்து 60 ஆண்டு வரை. ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும்போது இதை மறந்துவிடாதீர்கள்.

இலங்கையில் 70. 2025 டிசம்பர் 31 வரை காத்திருந்து ஜனவரிக்குப் பிறகு அனுப்பச் சொல்லுங்கள்.

கிண்டில்தான் சிக்கல். நாவல் முதலில் 1954இல் லண்டனில் ஜோனதன் கேப் வெளியிட்டது. அமெரிக்கா இந்த மாதிரி நூலுக்கு எழுத்தாளர் இறந்ததைப் பார்க்காது, வெளியான ஆண்டிலிருந்து 95 எண்ணும். 2049 முடிவு வரை அங்கே விற்கக்கூடாது. கிண்டிலில் ஏற்றும்போது எந்தெந்த நாட்டில் விற்க உரிமை இருக்கிறது என்று கேட்கும், அதில் அமெரிக்காவுக்கு டிக் போடாதீர்கள்.

பனையோலை (வெள்ளி, இரவு 10.58)
அப்படியானால் நாட்டுடைமை ஆகிவிட்டது என்று பின்னட்டையில் போடலாமா?

நாணல் (வெள்ளி, இரவு 11.06)
வேண்டாம். நாட்டுடைமை என்றால் அரசு பணம் கொடுத்து வாங்கிப் பொதுவில் விடுவது. இது காலம் முடிந்து தானாக வந்தது.

பழம்பதிப்பு (வெள்ளி, இரவு 11.33)
எல்லோரும் கணக்குப் போட்டுவிட்டீர்கள், புத்தகத்தை யாரும் திறக்கவில்லை. கூழாங்கல், அந்த 1974 பதிப்பை எடுங்கள். தலைப்புப் பக்கத்தின் பின்பக்கத்தில் பொடி எழுத்தில் பதிப்பு விவரம் இருக்கும், அதில் ஒவ்வொரு வரியையும் படியுங்கள். முதல் பதிப்பு 1954 என்ற வரிக்குக் கீழே முன்னுரைக்குத் தனியாக ஒரு உரிமைக் குறிப்பு இருக்கிறதா? அந்த முன்னுரையை எழுதியவர் பார்படாஸ் கவிஞர் எட்வர்ட் பிராத்வைட், பிற்காலத்தில் காமௌ பிராத்வைட் என்று அறியப்பட்டவர். 2020இல்தான் இறந்தார். இந்தியாவில் அந்த முன்னுரைக்கு 2080 முடிவு வரை உரிமை. அதையும் மொழிபெயர்த்து வைத்திருக்கிறீர்களா?

கூழாங்கல் (சனி, காலை 5.50)
ஆமாம். முன்னுரையும் முடித்துவிட்டேன். நாவலைவிட அதற்குத்தான் அதிகம் கஷ்டப்பட்டேன். ஐயா சொன்ன பின்பக்கத்தை இப்போது லைட் போட்டுப் பார்த்தேன். முன்னுரைக்குத் தனிக் குறிப்பு இருக்கிறது. இரண்டு வருடமாக அந்தப் பக்கத்தைப் புரட்டிக் கடந்திருக்கிறேன்.

பழம்பதிப்பு (சனி, காலை 6.31)
கடுமையாகப் பேசியிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். முன்னுரையை எடுத்துவிடுங்கள், அல்லது அவருடைய குடும்பத்திடம் அனுமதி கேளுங்கள், திங்கட்கிழமைக்குள் அது நடக்காது. அதற்குப் பதில் நீங்களே மேய்ஸைப் பற்றி நான்கு பக்கம் எழுதுங்கள். இரண்டு வருடம் அவரோடு இருந்தவர் நீங்கள்தான், நீங்கள் எழுதுவதையே தமிழ் வாசகர் படிக்க விரும்புவார்.

குறிஞ்சி_77 (சனி, காலை 9.15)
ராஸ்தாஃபாரி என்ற ஜமைக்கா சமய இயக்கத்தைச் சேர்ந்த ஒருவனைக் கேலி செய்யாமல் மனிதனாக நடுவில் வைத்த நாவல் அது, அந்தக் காலத்தில் அது எவ்வளவு பெரிய துணிச்சல் என்பதையும் எழுதுங்கள்.

கூழாங்கல் (திங்கள், இரவு 8.04)
பதிப்பாளர் சரி என்றார். முன்னுரையை எடுத்தாயிற்று, நானே எழுதுகிறேன். யாழ்ப்பாணம் பிப்ரவரியில். கிண்டிலில் அமெரிக்கா கிடையாது. எல்லோருக்கும் நன்றி, முக்கியமாகப் பழம்பதிப்பு ஐயாவுக்கு.

நாணல் (திங்கள், இரவு 8.20)
மகிழ்ச்சி! ஒரே ஒரு கேள்வி. அட்டைக்கு அந்த 1974 பதிப்பின் படத்தையே எடுத்துப் போடுகிறார்களா? அதை வரைந்தவர் யார் என்று பார்த்தீர்களா?

நாணல் (புதன், காலை 7.12)
கூழாங்கல்? அட்டை அச்சுக்குப் போய்விட்டதா?