எச்.எஸ்.ஜி செய்த அக்காமாரே, ஒரு உதவி

கலியாணம் முடித்து 5 வருடம். வருகிற வாரம் யாழ்ப்பாணத்தில் எனக்கு எச்.எஸ்.ஜி. கர்ப்பப்பை வாய் வழியாகச் சாயமருந்து செலுத்தி, கருக்குழாயில் அடைப்பு இருக்கிறதா என்று எக்ஸ்ரேயில் பார்ப்பார்கள். போன வருடம் நோ தாங்காமல் கத்திவிட்டேன், பாதியில் நிறுத்திவிட்டார்கள். "இதுக்கே இப்பிடியெண்டால் பிள்ளைப்பேறு எப்பிடி?" என்று அங்கே ஒருவர் கேட்டது இன்னும் நெஞ்சில் குத்துகிறது.

இந்த முறை ஒரு மணித்தியாலம் முன்பே நோ மாத்திரை போடச் சொல்லி டொக்டர் எழுதித் தந்திருக்கிறார். உங்களுக்கு அது காணுமாக இருந்ததா? மயக்கமருந்து கேட்டுச் செய்தவர்கள் இருக்கிறீர்களா? அந்த நேரம் மூச்சை எப்படி விட்டீர்கள்? பிறகு, சாவகச்சேரி வரைக்கும் மோட்டார் சைக்கிளில் பின்னால் இருந்து வர முடியுமா, இல்லை ஓட்டோ பிடிப்பதா? மாமிக்கு இன்னும் சொல்லவில்லை.

உள்ளதைச் சொல்லுங்கோ. பயப்படுவேன் என்று மறைக்க வேண்டாம்.