டிஃப்ளேட் போட்டால் மெமரி தீர்ந்துபோகிறது, அவசரம்

ஒற்றைக்கம்பி:
வணக்கம். பிபிபி லிங்க் (இரண்டு கணினிகளை நேராக இணைக்கும் நெட்வொர்க் இணைப்பு) எல்லாம் மெதுவாக இருக்கிறது என்று, தரவைச் சுருக்கி அனுப்பும் டிஃப்ளேட் கம்ப்ரெஷன் போட்டேன். கொஞ்ச நேரம் நன்றாக ஓடுகிறது, அப்புறம் புது லிங்க் எதுவும் எழுவதில்லை. லாகில் மெமரி இல்லை என்று வருகிறது. விண்டோவை, அதாவது சுருக்கும்போது திரும்பிப் பார்க்கும் முந்தைய தரவின் அளவை, குறைத்தும் பார்த்துவிட்டேன், பயனில்லை. யாராவது சீக்கிரம் சொல்லுங்கள்.

தூண்டில்:
என்ன பெட்டி, எவ்வளவு ரேம், எத்தனை லிங்க்? 'குறைத்தேன்' என்றால் எதிலிருந்து எதற்கு?

பேட்ச்பாண்டி:
மெமரி லீக்தான் (எடுத்த மெமரியைத் திருப்பித் தராத பிழை), சந்தேகமே வேண்டாம். லிங்க்கை நடத்தும் பிபிபிடி நிரலைப் புதுப்பியுங்கள்.

தூண்டில்:
பதிப்பே தெரியாமல் எதைப் புதுப்பிப்பது பாண்டி?

ஒற்றைக்கம்பி:
மன்னிக்கவும். லினக்ஸ், 64 எம்பி, சுமார் 80 சீரியல் பிபிபி லிங்க். டாப் கட்டளையில் பார்த்தால் பிபிபிடி எதுவும் வீங்கவில்லை, ஆனால் ஃப்ரீ மெமரி மட்டும் இறங்கிக்கொண்டே போகிறது.

வேலி:
உள்ளே போவது டிஎல்எஸ் (குறியாக்கம் செய்த தரவு) என்றால் ஒரு பைட்டும் சுருங்காது. கம்ப்ரெஷனையே எடுத்துவிடுங்கள். 2012-இல் க்ரைம், 2018-இல் வோரக்கிள், இன்னும் பாடம் படிக்கவில்லையா?

தூண்டில்:
வேலி சார், அவை சுருக்கிவிட்டு அப்புறம் குறியாக்கம் செய்யும் இடத்தில் வரும் தாக்குதல்கள். இவர் லிங்க்கில் குறியாக்கம் இருப்பதாகவே சொல்லவில்லையே.

வேலி:
இல்லை என்றும் சொல்லவில்லையே.

கெர்னல்வாசி:
பிபிபிடியின் மேன் பேஜை, அதாவது கையேட்டை, திறந்து ஒரு பத்தி படித்திருந்தால் இந்த இழையே வந்திருக்காது. டாப்பில் தெரியாது, டிஃப்ளேட் இடம் எடுப்பது இயங்குதளத்தின் மையமான கெர்னலுக்குள். கான்ஃபிக் வரியைப் போடுங்கள், ஜோசியம் பார்க்க எங்களுக்கு நேரமில்லை.

ஒற்றைக்கம்பி:
டிஃப்ளேட் 9,15

கெர்னல்வாசி:
நினைத்தேன். இரண்டும் விண்டோ அளவுகள், 2-இன் அடுக்காக: 15 என்றால் 32 கேபி, 9 என்றால் 512 பைட். முதல் எண் எதிர்ப்பக்கம் உங்களுக்குச் சுருக்கி அனுப்புவதற்கு, இரண்டாவது நீங்கள் சுருக்கி அனுப்புவதற்கு. மெமரியைத் தின்பது இரண்டாவது. அதை 15-லேயே விட்டுவிட்டு முதலாவதைக் குறைத்திருக்கிறீர்கள். அதில் மெமரி எதுவும் மிச்சமாகாது. விரிப்பதற்குக் கெர்னல் 32 கேபி விண்டோவை எப்படியும் ஒதுக்கிவிடும்.

தூண்டில்:
கணக்கு இதோ. 15 என்றால் சுருக்குவதற்கு விண்டோவும் அதன் சங்கிலி அட்டவணையும் சேர்ந்து 128 கேபி, ஹாஷ் என்ற தேடல் அட்டவணையும் பஃபரும் இன்னொரு 128. மொத்தம் 256. விரிக்க ஏறக்குறைய 40. லிங்க்குக்கு 300 கேபி என்றால் 80 லிங்க்குக்கு 24 எம்பி. 12 வைத்தால் முதல் 128 மட்டும் 16 ஆகும், ஆக 144. ஆசைப்பட்டு 9 வரை போகாதீர்கள், 130-க்குக் கீழே இறங்காது. 14 கேபிக்காக விண்டோவை 512 பைட்டாகச் சுருக்கினால் கம்ப்ரெஷன் பேருக்குத்தான் இருக்கும்.

பேட்ச்பாண்டி:
அப்போ லீக் இல்லையா? பிஎஸ்டிகாம்ப் என்ற வேறு கம்ப்ரெஷனைப் போட்டுப் பார்க்கலாமே?

கெர்னல்வாசி:
பாண்டி, போதும்.

தூண்டில்:
15,12 போடுங்கள். ஏற்கெனவே எழுந்து நிற்கும் லிங்க்குகள் பழைய அளவிலேயே இருக்கும், ஒவ்வொன்றையும் இறக்கி ஏற்ற வேண்டும்.

வேலி:
இத்தனைக்கும் உள்ளே என்ன போகிறது என்று யாரும் கேட்கவே இல்லை. ஏற்கெனவே சுருக்கப்பட்ட ஜேபெக் படங்கள் என்றால் இந்த 144-ம் தண்டம்.

தூண்டில்:
அது நியாயமான கேள்வி. ஒற்றைக்கம்பி, என்ன போகிறது?

ஒற்றைக்கம்பி:
15,12 போட்டு எல்லாவற்றையும் மறுபடி ஏற்றினேன். 80-ம் நிற்கிறது. நன்றி.

வேலி:
கேட்ட கேள்விக்குப் பதில்?

வேலி:
ஆள் போய்விட்டார்.